பேரேட்டில் ஒரு கோவேறு கழுதை

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்காதே என்பார்கள்.
நான்காம் வகுப்பு ஆசிரியைக்கு அது தெரியாது.
வெள்ளிக்கிழமைக்குள் ஐந்து தலைமுறை வேண்டுமாம்,
அட்டையில், பசை காய்ந்து.

என் பக்கத்துக் கிளைகளை
ஒரே இரவில் போனில் கேட்டு எழுதிவிட்டேன்.
மற்றப் பாதி வெறுமையாக இருந்தது.
அவள் அப்பா டல்சாவில், வேறொரு வீட்டில்.
கேட்டதற்கு ஒரே வரி அனுப்பினான்:
"ஓஸார்க் மலையில் எங்களுக்கு ஒரு மில் இருந்தது."
கல்யாணமான புதிதிலும் இதைத்தான் சொன்னான்,
சட்டைப்பையில் அதன் சாவி கிடப்பதுபோல.

அதனால்தான் விவாகரத்தான ஒருத்தி
முன்னாள் கணவனின் முன்னோரைத் தேடி
மிசௌரியின் மண்சாலையில்
மழையோடு மழையாக வண்டி ஓட்டுகிறாள்.
பின்சீட்டில் வெண்ணி, மடியில் அட்டை.

பெரிய சக்கரம் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.
இல்லை. தண்ணீருக்கடியில் துருவேறிய டர்பைன்,
மேலே மூன்று மாடி இருட்டு.
மாவரைத்த கல் வாசற்படியாகக் கிடக்கிறது.
சாவிக்காரர் டெல்பர்ட்
தூண்டிலுக்குப் புழு விற்கிறவர்.
பேரேட்டைக் காப்பதும் அவரே,
புழு டப்பாக்களுக்கு மேல்தட்டில்.

ஹேஸ்லிப்.
மில்காரன் அதை நாலு விதமாக எழுதியிருக்கிறான்:
ஹெஸ்லப், ஏஸ்லிப், ஹாசில்,
அவசரத்தில் ஒருமுறை வெறும் ஹெச்.
சிரித்துவிட்டேன். தில்லைநாயகி என்ற பெயரை
இந்த நாட்டு ஆஸ்பத்திரிகள் படுத்தியதற்கு
இது பரவாயில்லை.

சொந்தக்காரர் பத்தியில் அவன் இல்லை.
பற்று வைத்தவர் பத்தியில் இருந்தான்.

சோளம் மூன்று புஷல். கூலி எட்டில் ஒன்று.
சோளம் இரண்டு. கடன்.
சோளம் ஒன்று. கழுதை மட்டும் வந்தது,
மாவைக் கட்டித் திருப்பி அனுப்பினேன்.
கழுதை மட்டும்.
கழுதை மட்டும். கடன்.

காய்ச்சலா, குடியா, முகம் காட்ட வெட்கமா,
பேரேடு சொல்லாது.
நவம்பரில் ஒரு வரி:
கோவேறு கழுதை டிலைலா, வயது ஒன்பது,
பெற்றுக்கொண்டேன். கணக்குத் தீர்ந்தது.
பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அதுதான் அவன் கைநாட்டு.
டிலைலாவின் பெயரில் மட்டும்
எழுத்துப்பிழை இல்லை.

"என் வயசு" என்றாள் வெண்ணி.

எங்களுக்கு மில்லில் ஒன்று இருந்தது,
எங்களுக்கு மில் ஒன்று இருந்தது.
தமிழாயிருந்தால் நடுவில் ஒரு 'இல்' உதிர்ந்ததென்று
இலக்கணம் சொல்லி முடித்திருப்பேன்.
ஆங்கிலத்தில் எது உதிர்ந்ததோ.

மில்லுக்குப் பின்னால் ஊற்றுக்கண்.
சத்தமே இல்லாமல் இவ்வளவு தண்ணீர்.
பதினான்கு மைல் தள்ளி ஒரு பள்ளத்தில்
கல்லூரிக்காரர்கள் பச்சைச் சாயம் ஊற்றினார்களாம்,
ஒன்பதாம் நாள் இங்கே பச்சையாக வந்ததாம்.
"பாதிதான் வந்தது. மீதி எங்கே போச்சோ" என்றார் டெல்பர்ட்.

கரைப்பாறையில் ஒரு குழி.
கையை விட்டேன், முழங்கை வரை போனது,
உள்ளே கண்ணாடி வழவழப்பு.
மழை குடைந்ததல்ல. குத்திக் குத்தி இறங்கியது.
உரல் என்று மூளைக்கு முன்னால்
கை சொல்லிவிட்டது.
யாருடையது?
"அது எங்களுக்கெல்லாம் முந்தி" என்றவர்
தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.
அதற்குப் பேரேடு இல்லை.

டல்சாவுக்கு என்ன எழுத?
மில்லைப் பார்த்தோம், தண்ணீர் நன்றாக ஓடுகிறது
என்று அனுப்பினேன். அதில் பொய் இல்லை.

பின்சீட்டில் கிளை வளர்ந்துகொண்டிருந்தது.
பெருக்கல் குறிக்குப் பக்கத்தில்
நாலு கால், நீளக் காது, முதுகில் மூட்டை.
"டிலைலாவுக்குக் கீழே யாரும்மா?"
கோவேறு கழுதைக்குக் குட்டி பிறக்காது என்றேன்.
கொஞ்ச தூரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு தேய்க்கும் சத்தம்.
கண்ணாடியில் பார்த்தேன்.
கீழே இழுத்த கோட்டை அழிக்கவில்லை,
மூட்டையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள்.